வெள்ளைச் சல்லியில் நீ இழுத்த அலைகள்

சேகர்,

உன் புது அலுவலகத்தின் திறப்புக்கு நான் வராமல் போனதற்குக் காய்ச்சல்தான் காரணம் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். உன் மனம் நோகக் கூடாதென்று அவளாகச் சொன்னது அது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. காரணம் வேறு. அதை நேரில் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நீ எழுந்து போய்விடுவாய், இல்லாவிட்டால் நான் எழுந்துவிடுவேன். ஒரு வருஷமாக நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பர்மிய மொழியில் எழுதியிருந்தால் உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனால் கோபம் வரும்போது எனக்குத் தமிழ்தான் வருகிறது. உறையை ஒட்டாமல்தான் கொடுத்து அனுப்புகிறேன். அம்மா படித்துவிட்டாள். உன் தங்கை படிக்கட்டும். உன்னிடம் வேலை பார்ப்பவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். தோட்டம் போடும் தொழிலுக்கு வந்தவர்களிடம் மறைக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை.

எண்பத்தெட்டுப் போராட்டத்தில் ரங்கூன் அடங்கிக் கிடந்தபோது துறைமுகக் கிடங்கில் எனக்கிருந்த குமாஸ்தா வேலை போயிற்று. மறுவருஷம் உன்னையும், கைக்குழந்தையாக இருந்த உன் தங்கையையும் அம்மாவிடம் விட்டுவிட்டு ஜப்பானுக்குப் போனேன். உனக்கு அப்போது ஏழு வயது. முதலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன். பிறகு டோக்கியோவுக்கு வெளியே, வீடுகளுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் கல் தூக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே போகும்வரை தோட்டம் என்றால் எனக்குப் பூச்செடிதான். அந்த முதலாளி எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அளவெடுக்க மாட்டார். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பார். எந்த ஊரில் பிறந்தீர்கள், சின்ன வயதில் எங்கே விளையாடினீர்கள், எந்தப் பருவம் வந்தால் மனது நன்றாக இருக்கிறது என்று கேட்பார். திரும்பவும் போவார், திரும்பவும் பேசுவார். எனக்கு முதலில் இது வேலையைத் தள்ளிப்போடுவதாகத்தான் தோன்றியது.

ஒரு வயதான மீனவருக்குத் தோட்டம் போட்டோம். பிள்ளைகள் சம்பாதித்து நகரத்தில் வீடு கட்டி அவரைக் கூட்டி வந்திருந்தார்கள். கடலிலேயே வாழ்ந்த மனிதர், குளமும் பாறையும் வைத்துக் கடலைப் போல ஒன்று செய்து கொடுக்கலாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். முதலாளி பேசிப் பேசித் தெரிந்துகொண்டது வேறு. படகில் இருந்த காலமெல்லாம் அந்த மனிதர் பார்த்துக்கொண்டிருந்தது கரையில் தெரிந்த ஒரு மலையை. அது கண்ணில் பட்டால் அன்றைக்கு உயிரோடு வீடு திரும்பலாம். கடல் அவருக்கு வேலை செய்யும் இடம், அவ்வளவுதான். கொல்லையின் கடைசியில் ஒரு மேடு போட்டு, அடர்ந்த பச்சையில் மரங்கள் வைத்து, வீட்டை ஒட்டித் தாழ்வாக ஒரு பலகை போட்டோம். நடுவில் எதுவுமே வைக்கவில்லை. பணம் கொடுத்த பிள்ளை குளம் எங்கே, குளம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். கிழவர் அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஜப்பானியத் தோட்டம் என்பது கல்லும் மணலும் பாசியும் இல்லை, வீட்டுக்குரியவர் இயற்கையை எந்தக் கண்ணால் பார்க்கிறாரோ அந்தக் கண்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திரும்பி வந்தபோது ரங்கூனில் ஹோட்டல்களும் பெரிய வீடுகளும் எழும்பிக்கொண்டிருந்தன. மிங்கலாடோனில் நிலம் பிடித்துச் செடிப் பண்ணை போட்டேன். ஜப்பானில் இருந்து வந்தவன் என்று கேள்விப்பட்டு ஆட்கள் தேடி வந்தார்கள். மாணிக்கக் கல் வியாபாரி ஒருவர் மழைப் பைத்தியம். சுரங்கத்து ஊரில் பிறந்தவர். மழை பெய்தால் மண் கழுவிக் கல் மேலே வரும் என்று சின்ன வயதில் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் வீட்டுக் கூரைத் தண்ணீருக்குக் குழாய் வைக்க விடவில்லை நான். நேராகக் கூழாங்கல் மேல் விழட்டும் என்று விட்டேன். ஜன்னலோரம் வாழையும் அகல இலைச் சேம்பும் வைத்தேன், மழையின் சத்தம் உள்ளே கேட்பதற்காக. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது என்றார். இளமையைக் காட்டுச் சண்டையில் கழித்தவர். புதரைப் பார்த்தால் அதன் பின்னால் ஆள் இருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். அந்தப் பயமும் இயற்கையைப் பற்றிய உணர்வுதானே. தட்டைக் கற்களும் பாசியும் தாழ்ந்த புல்லும் வைத்து, வாசலிலிருந்து மதில் வரை மறைவே இல்லாத ஒரு தோட்டம் போட்டுக் கொடுத்தேன். மத்தியானத்தில் அங்கேதான் நாற்காலி போட்டுத் தூங்குகிறார் என்று அவர் மனைவி வந்து சொன்னார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரிடமும் கிடைத்ததில்லை.

இதையெல்லாம் நீ என்னிடம் பல தடவை கேட்டுச் சலித்திருக்கிறாய். சிங்கப்பூரில் படித்து முடித்து நீ வந்து என்னோடு சேர்ந்தபோது எனக்கிருந்த பெருமையை நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ போடும் வரைபடம் என் கைக்கு வராது. கல் நடுவதிலும் நீ கெட்டிக்காரன். கல்லில் பெரும்பங்கு மண்ணுக்குள் போக வேண்டும், வெளியே தெரிவது மிச்சம்தான் என்பதை உனக்கு நான் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசு என்றால் உனக்குக் கால் அரிக்கும். புத்தகத்தில் இருக்கும் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டு, பிடித்ததைப் போட்டுக் கொடுத்துவிடுவாய். அவர்களும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். நான்தான் வாய் மூடியிருந்தேன்.

அப்புறம் நர்கிஸ் புயல் வந்தது. ரங்கூனில் மரம் விழாத தெரு இல்லை. நம் பண்ணையில் நிழல்வலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் நம் வீட்டில் நான்கு பேரும் உயிரோடு இருந்தோம். கழிமுகத்துக் கிராமங்களில் என்ன நடந்தது என்று போகப் போகத்தான் தெரிந்தது. அந்த வருஷம் மழை ஓய்ந்த பிறகு கட்டடச் சாமான் வியாபாரி ஊ தின் லாய் நம்மைத் தேடி வந்தார். நீதான் அவரை உட்கார வைத்துப் பேசினாய். மிங்கலாடோனில் புது வீடு கட்டி முடிக்கப்போவதாகவும், கழிமுகத்தில் போகலே என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து மாமியாரைக் கூட்டி வந்து வைத்திருப்பதாகவும், அந்த அம்மாள் யாரோடும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றில் ஜப்பானியத் தோட்டம் பார்த்தாராம். குளமும் அதில் வண்ண மீனும் இருந்தனவாம். அப்படி ஒன்று போட்டால் மாமியாருக்கு மனம் தேறும் என்று நினைத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நல்லெண்ணத்தில்தான் கேட்டார்.

அந்த அம்மாள்தான் டோ கின் மியா. புயலில் அவருடைய கணவரும், மலேசியாவில் வேலை பார்க்கும் மகனின் பிள்ளைகள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். இதை அவர் சொல்லவில்லை, அவர் மகள்தான் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். கணவர் முதலிலேயே அடித்துச் செல்லப்பட்டார். டோ கின் மியா ஒரு கையால் தென்னை மரத்தையும் ஒரு கையால் பிள்ளைகளையும் பிடித்திருந்தார். விடிந்தபோது மரம் மட்டும் கையில் இருந்தது. இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண், அம்மாவிடம் தயவுசெய்து எதுவும் கேட்டுவிடாதீர்கள் என்று என்னைக் கெஞ்சினாள்.

நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்பேன். மண் பார்க்க வந்தேன், வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்க வந்தேன் என்று ஏதாவது சொல்லிக்கொள்வேன். முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, வெள்ளை ரவிக்கை போட்டு, கொண்டையில் ஒரு முடி கலையாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வாரங்கள் போயின. ஒருநாள் கட்டட ஆள் ஒருவன் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போக, தண்ணீர் முற்றத்து மண்ணில் பரவி வராந்தாவை நோக்கி வந்தது. அவர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு வந்தேன். அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினார். என்னைச் சயா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்.

"சயா, ஆறு எங்க வீட்டுப் பின்னாலதான். நாப்பது வருஷம் அதுலதான் குளிச்சேன், அந்தத் தண்ணியிலதான் சோறு ஆக்கினேன். அதுமேல எனக்குக் கோவமில்ல. பாக்கத்தான் முடியல."

வேறு என்ன பார்த்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். அறுவடை முடிந்த வயல் என்றார். தை மாதக் குளிரில், தாள் மட்டும் நிற்கிற காய்ந்த வயல். வெடித்த மண். அதில் நடந்தால் காலுக்குக் கீழே நொறுங்குகிற சத்தம். அதுதான் அவருக்கு நிம்மதியான பருவம். நெல் வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆறு இறங்கிவிட்டது, இனி எதுவும் வராது. அவர் சொன்னது இவ்வளவுதான். ஒரு தோட்டத்துக்கு எனக்கு இது போதும்.

அன்று வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். குளம் கிடையாது, சொட்டுத் தண்ணீர் கண்ணில் படக்கூடாது; பெருக்கிய மண் முற்றம், கொஞ்சம் மேடு, மேட்டில் காய்ந்த நிறத்தில் நாணல் புல், மூங்கில் வேலி. நீ பார்த்தது ஊ தின் லாயின் முகத்தை. இதைக் காட்டினால் அவர் சிரிப்பார் என்றாய். இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரிடம் போனோம். குளத்தை விட்டுக்கொடுத்தார். ஆனால் வருகிறவர்கள் பார்த்தவுடன் இது ஜப்பானியத் தோட்டம் என்று தெரிய வேண்டும், வெள்ளைச் சல்லி பரப்பிக் கற்களை நட வேண்டும் என்றார். சரி என்றேன். வெள்ளைச் சல்லி காய்ந்ததுதானே, நடந்தால் நொறுங்குகிற சத்தமும் கேட்குமே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கண்டிப்பாகச் சொன்னேன், சல்லியில் பல் வைத்த பலகைச் சீப்பால் அலை போலக் கோடு இழுக்கக் கூடாது, சமமாக விட்டுவிட வேண்டும் என்று.

"கோடு இழுக்காம விட்டா லாரி கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கும்ப்பா," என்றாய்.

"கோடு இழுத்தா அது தண்ணி."

"சல்லியில தண்ணி எங்கப்பா இருக்கு?"

"பாக்கறவங்க மனசுல இருக்கு. அதுக்குத்தான் கோடே இழுக்கறாங்க."

நீ சிரித்தாய். சரிப்பா, உங்க இஷ்டம் என்றாய். அதை நான் நம்பினேன்.

வேலை முடியப்போகிற நேரத்தில் எனக்கு டைஃபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ தினமும் வந்து என்ன முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனாய். கற்கள் வந்தன, நட்டாயிற்று, சல்லி பரப்பியாயிற்று. கோடு இழுத்ததைச் சொல்லவில்லை. பத்திரிகையிலிருந்து புகைப்படக்காரர் வரப்போவதையும் சொல்லவில்லை. புதுவீட்டுக்குப் பிக்குகளை அழைத்து அன்னமிடும் நாளன்று, நான் எழுந்து நடக்கக் கூடாது என்று அம்மா தடுத்தும் கேட்காமல் டாக்ஸி வைத்துக்கொண்டு வந்தேன். பிக்குகள் சாப்பிட்டு எழுந்துவிட்டிருந்தார்கள். விருந்தாளிகள் எல்லோரும் வராந்தாவில் நின்று தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து பார்த்தேன். வெள்ளைச் சல்லி முழுவதும் அலை. ஓரங்களில் நீளமான அலை, கற்களைச் சுற்றி வட்ட வட்டமாகச் சுழல். நீ நன்றாகத்தான் இழுத்திருந்தாய். ஒரு கோடு கோணவில்லை. காலை வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் கொடுத்தது, மொத்தச் சல்லியும் ஆடுவது போலத் தெரிந்தது. டைஃபாய்டு காய்ச்சலில் எனக்கு அப்படித் தெரிகிறதோ என்றுகூட நினைத்தேன்.

நான் உன்னைத் தேடுவதற்குள் டோ கின் மியா வந்துவிட்டார். மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வராந்தாவின் விளிம்பில் நின்று பார்த்தார். கத்தவில்லை, அழவில்லை. மகளின் கையை விலக்கிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வேகமாகச் சல்லிக்குள் இறங்கினார். நட்டிருந்த மூன்று கற்களில் சின்னதிடம் நேராகப் போனார். உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்து, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டார். யாரோ ஒரு பெண் கைகூப்பினாள். அம்மாள் கும்பிடுகிறார் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். புகைப்படக்காரர் குனிந்து குனிந்து எடுத்தார். நீ புகைப்படக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய், உன் முகம் மலர்ந்திருந்தது.

நான் கோடுகளை மிதித்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே போகலாமா அம்மா என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே சொன்னதை நான் ஒருவன்தான் கேட்டேன்.

"கையை விட்டா போயிடும், சயா."

மகள் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவரை உள்ளே அழைத்துப்போக வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே உன்னிடம் சொன்னேன், அவர் கும்பிடவில்லை என்று. அவர் என்னிடம் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். உன் முகம் வாடியது, அதை நான் பார்த்தேன். அதனால் மறுநாள் நீயே வந்து சல்லியை வாரிவிடலாம் என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன். நீ வரவில்லை. நானே லாரியும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஊ தின் லாய் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் அள்ளிவிட்டு மண் முற்றமாக ஆக்கித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பத்திரிகையில் படம் வரப்போகிறது, பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அத்தை அன்றைக்குக் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டார், போகப் போகச் சரியாகிவிடும், உங்கள் மகனும் அப்படித்தான் சொல்கிறார் என்றார். என் மகனும் அப்படித்தான் சொல்கிறானாம். லாரியைக் காலியாகவே திருப்பிக்கொண்டு வந்தேன்.

பண்ணையில் வைத்து நாம் இரண்டு பேரும் போட்ட சண்டையை வேலைக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். இந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று நான் கேட்டதற்கு, பணம் கொடுத்தவர் என்றாய். தினமும் விடிந்ததும் அதைப் பார்க்கிறவர் என்றேன் நான். பார்க்கிறவர்கள் மனதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், கூட்டத்தில் எல்லோரும் பார்த்தது ஒரு கும்பிடுதான், நீங்கள் மட்டும்தான் வேறு பார்த்தீர்கள் என்று என் வார்த்தையை எடுத்து என்மேலேயே எறிந்தாய். அதற்குப் பிறகு சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஊர்ல இருக்கறவங்க மனசுல என்ன இருக்குன்னு மாசக்கணக்கா உக்காந்து கேக்கறீங்க. என் மனசுல என்ன இருக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கேட்டிருக்கீங்களாப்பா?"

நீ சொன்னதில் பொய் இல்லை. ஏழு வயதில் விட்டுப் போனேன், பதின்மூன்று வயதில் வந்து பார்த்தபோது நீ என்னிடம் பேசக் கூச்சப்பட்டாய், எனக்கும் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அடுத்தவர் வீட்டு வராந்தாவில்தான் இருந்தேன். கேட்டிருக்க வேண்டும். இப்போது சொல்வதால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் சேகர், அந்தக் கோபத்துக்கும் கழிமுகத்திலிருந்து வந்த அந்த அம்மாளுக்கும் என்ன சம்பந்தம்? என்மேல் இருப்பதை என்னிடம் தீர்த்திருக்கலாமே. செடியை வெட்டியிருக்கலாம், பண்ணையை விற்றிருக்கலாம். நான் தாங்கியிருப்பேன்.

அந்த மாதமே நீ தனியாகப் போய்விட்டாய். பத்திரிகையில் படம் வந்தது. அதற்குப் பிறகு உன்னிடம் வந்தவர்கள் எல்லோரும் வெள்ளைச் சல்லியும் அலையும்தான் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே தோட்டத்தை நீ ரங்கூன் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒருவர் மழைக்கு ஏங்கியவராக இருக்கலாம், ஒருவர் காட்டைக் கண்டு பயந்தவராக இருக்கலாம். எல்லோருக்கும் அதே மூன்று கல், அதே சுழல். டோ கின் மியா அந்த வீட்டில் இருக்கவில்லை. அவர் அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்த்து இருந்தது; திரை போட்டார்கள், பிறகு பலகை அடித்தார்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே லான்மடாவில் மளிகைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் தன் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டார். யாருக்காகப் போட்ட தோட்டமோ அவர் போய்விட்டார், தோட்டம் இருக்கிறது.

இனி உன் திறப்பு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்று காலை நான் வந்தேன். அம்மாவும் தங்கையும் முன்னால் போய்விட்டார்கள், நான் பஸ்ஸில் தனியாகக் கியாக்டடாவில் உன் அலுவலகத்துக்கு வந்து மாடி ஏறினேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கும் மேலே, அந்தப் படம். கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிற டோ கின் மியா. அவருக்குப் பின்னால் உன் அலைகள். கீழே பெரிய எழுத்தில் 'இயற்கையோடு ஓர் அமைதி' என்று பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. தெரியாமல் செய்திருந்தால் கதவைத் திறந்து உள்ளே வந்து உன் காதில் சொல்லியிருப்பேன். உனக்குத் தெரியும். அவர் சொன்ன வார்த்தை என்ன என்று அன்று சாயங்காலமே உனக்குத் தெரியும். தெரிந்தும் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய். படி இறங்கிப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நடந்தே லான்மடாவுக்குப் போனேன். மூன்று மாடி ஏறினேன். டோ கின் மியா தெருப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே தள்ளுவண்டிகளும் சைக்கிள் ரிக்‌ஷாவும் போய்க்கொண்டிருந்தன. முன்னைவிட இளைத்திருந்தார், ஆனால் நன்றாகப் பேசினார். ஊறவைத்த தேயிலை லப்பே எடுத்து வைத்தார், தேநீர் ஊற்றினார். இங்கே தூக்கம் வருகிறது என்றார். கடை சாத்துகிற வரைக்கும் சத்தம், அதனால் மழைச் சத்தம் தெரிவதில்லை என்றார். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் படத்தை என் மகன் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறான், ஊரே பார்க்கிறது என்றேன். அப்படி ஒரு படம் இருப்பதே அவருக்குத் தெரியாது. மகள் பத்திரிகையைக் காட்டவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கோடுகள் தெரிகின்றன, வேறு யாரும் அதில் இல்லை என்று.

அவர் தேநீர்க் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கல்லு அசையல சயா. நல்லா நட்டிருந்தாங்க. அன்னிக்கு நான் பிடிச்ச மரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. யாரு நட்டது அந்தக் கல்ல?"

என் மகன் என்றேன். உன்மேல் அவ்வளவு ஆத்திரத்தோடு அங்கே போனவன், அந்த ஒரு கேள்விக்கு உன் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையாட்டினார். பிறகு படத்தில் தன்னைத் தவிர யாருமே இல்லையா என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன்.

"நான் மட்டும் இருக்கிற படத்த எதுக்கு சயா ஊருக்குக் காட்டணும்? என் கையில ரெண்டு பிள்ளைங்க இருந்தாங்க. பாக்கறவங்களுக்கு அது தெரியாதுல்ல."

அவர் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிளம்பும்போது, உங்கள் மகனைப் பார்க்க வேண்டும், கூட்டிப்போவீர்களா என்று கேட்டார். திட்டுவதற்கா என்று கேட்டேன். இல்லை, அந்தப் பிள்ளைகளைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டும், தெரிந்துகொண்டு அப்புறம் அவன் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும் என்றார்.

அதனால் புதன்கிழமை காலை அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன். வேறு யாரையும் அந்த நேரத்துக்கு வரச் சொல்லாதே. அவருக்கு முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று போடு. தேநீர் வை. ஃபோனை அணைத்துவிடு. பெரியவனுக்கு என்ன வயது, சின்னவள் என்ன சாப்பிடுவாள், ஆற்றில் என்ன விளையாடுவார்கள் என்று அவர் சொல்லச் சொல்லக் கேள், நிறுத்தாதே. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், மூலையில் உட்கார்ந்திருப்பேன். படத்தை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம், உன் சுவர். எடுப்பதாக இருந்தால் இந்தக் கடிதத்தைப் படித்த பயத்தில் இன்றைக்கே எடுத்து ஒளித்து வைக்காதே. அவர் வந்து, உட்கார்ந்து, சொல்லி முடித்த பிறகு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் கையால் எடு.

அப்பா